ஷென் வீட்டு வாசலில் சுண்ணாம்பு

1

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் என் வீட்டு வாசலில் மட்டும்தான் கோலம் இருக்கும். ஏழாவது மாடி, லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் இடது பக்கம். பெரிய கோலம் எல்லாம் இல்லை. ஒரு கால்மிதி அகலத்துக்கு, நாலு புள்ளி வைத்து ஒரு சின்ன சிக்குக் கோலம். அதற்கு மேல் போட எனக்கு அனுமதி கிடையாது.

அனுமதி என்று சொன்னால் ஊரில் சிரிப்பீர்கள். வந்த புதிதில் ஒருநாள் கட்டட நிர்வாக அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பெருக்குகிற அம்மா புகார் கொடுத்திருக்கிறார். நடைபாதையில் வெள்ளைப் பொடி கொட்டிக் கிடக்கிறதாம், கரப்பானுக்கு வைத்த விஷமா என்று கேட்டார்கள். எனக்கு அப்போது சீன மொழியில் காய்கறிப் பெயர்களும் எண்களும் மட்டும்தான் தெரியும். அரிசி மாவு டப்பாவைக் கொண்டுவந்து காட்டி, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அலுவலகத்தில் ஒரு தாளில் என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு, கால்மிதி அளவுக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது.

இந்தச் சித்திரையோடு நாங்கள் சீனாவில் இந்த ஹூசோவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, யார் எதிரே வந்தாலும் சுவரோரமாக ஒதுங்கிப் போகிற பெண் நான். என் வீட்டுக்காரருக்கு இங்கே பட்டு நூல் வாங்கி அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை. ஆலை ஆலையாகப் போய் நூலைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, இது குறுக்கே ஓடும் ஊடைக்கு ஆகும், இது நெடுக்கே ஓடும் பாவுக்கு ஆகாது என்று சொல்வது அவர் தொழில். அவர் கை பார்த்து அனுப்பும் நூலில் ஒரு பங்கு எங்கள் தெருவுக்கே போய்ச் சேரும் என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

எங்கள் மகள் தாரணி மூன்று வயதில் வந்தவள். இப்போது அவளுக்குப் பதினைந்து. கனவு சீன மொழியில்தான் காண்கிறாள் என்று நினைக்கிறேன், தூக்கத்தில் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. காலையில் பள்ளிக்கு ஓடும்போது கோலத்தின் மேலேயே கால் வைத்து ஷூ போடுவாள். தினமும் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

"அது தரையிலதானம்மா இருக்குது. தரையில இருந்தா மிதிக்காம இன்னா பண்றது?" என்று கேட்பாள்.

நானும் சின்ன வயதில் இதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மா எனக்குப் பதில் சொன்னதில்லை, முதுகில் ஒன்று வைப்பார், அவ்வளவுதான்.

2

இந்த ஊரில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. பெயர் ஷென். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சந்தையின் கடைசி வரிசையில் தரையில் சாக்கு விரித்து, தன் நிலத்துக் கீரை, பூசணி, பச்சை மொச்சை விற்பாள். நான் முதல் வருடம் பேசக் கூச்சப்பட்டு, வேண்டியதை விரலால் காட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் காட்டிய கட்டை எடுத்துக்கொண்டு கொடுக்க மறுத்துவிட்டாள். பெயர் சொல்லிக் கேட்டால்தான் தருவாளாம். சொன்னேன். தப்பாகச் சொன்னேன். திருத்தினாள். அப்படித்தான் எனக்குச் சீன மொழி வந்தது. பள்ளிக்கூடத்துச் சீன மொழி இல்லை, அவள் கிராமத்துப் பேச்சு. வடக்கிலிருந்து படிக்க வந்த சீனப் பிள்ளைகளுக்கே அது புரியாது என்று பிறகுதான் தெரிந்தது.

என்னை அவள் "இந்தியத் தங்கச்சி" என்று கூப்பிடுவாள். அவள் பேசுவது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழும். அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வருடத்தில் ஒரு மாதம் மட்டும் அவள் சாக்கு இருக்கும் இடம் காலியாக இருக்கும். சித்திரை பிற்பாதியிலிருந்து வைகாசி நடு வரை. அது அங்கே பட்டுப்புழு மாதம். முதல் வருடம் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, பஸ் பிடித்து அவள் கிராமத்துக்கே போய்விட்டேன். கதவு சாத்தியிருந்தது. கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. தெருவே சத்தமில்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியாகக் கையை ஆட்டி, போ என்றாள்.

யாரும் விளக்கம் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. நம் ஊரில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் பால்காரர்கூடத் திண்ணையோடு நிற்பார் இல்லையா, அதுதான் இது. உள்ளே ஏதோ ஒன்று வளர்கிறது, வெளிக்காற்று ஆகாது. நான் திரும்பி வந்துவிட்டேன். மாதம் முடிந்து சந்தைக்கு வந்தபோது, "நீ வந்து நின்னுட்டு கதவ தட்டாம போனியாமே" என்று சொல்லி, ஒரு கட்டுக் கீரை கூடுதலாக வைத்தாள். அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகிதிகள்.

3

போன பங்குனியில் செல்வி வந்தாள்.

செல்விக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து அவளைப் படிக்க வைத்தவர்கள். இங்குள்ள ஒரு விவசாயப் பல்கலைக்கழகமும் அவள் கல்லூரியும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்கின்றன. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். இங்கே ஒரு கிராமத்தில் பட்டுக்கூட்டின் விலை ஏறினால் காஞ்சிபுரத்தில் நெய்கிறவர்கள் வீட்டில் என்ன ஆகிறது? இந்தியாவில் நூலுக்குச் சுங்க வரி மாற்றினால் இந்தக் கிராமத்தில் எத்தனை பேர் மல்பெரிச் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைக்கிறார்கள்? நூலின் இரண்டு முனையிலும் ஆட்களை உட்கார வைத்துப் பார்க்கிற வேலை.

இந்த முனைக்குப் பொறுப்பு பேராசிரியர் லின். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். அவரும் புழு வளர்க்கும் கிராமத்தில் பிறந்தவர்தான். செல்விக்கு இங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ சொல்லி, மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போக ஆரம்பித்தது. பிறகு அவளே வந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

வந்த அன்றே அவளைக் காவல் நிலையத்துக்குப் பதிவுக்கு அழைத்துப் போனதும் நாங்கள்தான். குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஏழுமலை என்று இருந்தது, அதைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். இங்கே குடும்பப் பெயரோடு ஆசிரியர் என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். மறுநாளிலிருந்து பல்கலைக்கழகம் முழுக்க அவள் "ஏழுமலை ஆசிரியர்."

"எங்கப்பா பள்ளிக்கூடத்து வாசல்லகூட நின்னதில்லக்கா. அவர வாத்தியார் ஆக்கிட்டாங்க" என்று சிரித்தாள். அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

லின் மேல் மட்டும் அவளுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. முந்தைய வருடம் அவர் காஞ்சிபுரம் வந்திருந்தார். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் செல்வி அழைத்துப் போயிருக்கிறாள். அந்த வீட்டம்மா விருந்தாளி வருகிறார் என்று வாசல் முழுக்கக் கோலம் போட்டிருக்கிறார்.

"நேரா போயி கோலத்து நடுவுல ரெண்டு காலையும் வெச்சி நின்னாருக்கா. நின்னது மட்டுமில்ல, நல்லா தேய்ச்சாரு. அப்பறம் அந்தம்மாவ பாத்து குனிஞ்சி ஒரு வணக்கம் வேற. அந்தம்மா மூஞ்சி செத்துப்போச்சி. நான் இன்னா சொல்றது? படிச்சவரு, பெரியவரு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "நம்ம ஊர்னா அவங்களுக்கு அவ்ளோதான்போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆராய்ச்சியில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. புழு வளர்ப்பில் வீட்டுப் பெண்கள் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை. சீசன் முடிந்து கேட்டால், "என்னத்த பெருசா, வீட்டோட இருந்தேன்" என்பார்கள். காஞ்சிபுரத்திலும் நூல் இழைக்கும் பெண்கள் அதே பதிலைத்தான் சொன்னார்களாம். அங்கே செல்வி நாள் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்து எழுதினாள். இங்கேயும் அப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அவள் அயல்நாட்டுக்காரி, இங்குள்ள சட்டப்படி நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது, லின்னின் மாணவிதான் கேட்க வேண்டும். ஆனால் கூட உட்காரலாம். உட்கார வீடு வேண்டுமே. சிவப்புக் காகிதம் ஒட்டிய கதவை யார் திறப்பார்கள்? லின் கேட்ட வீடுகள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டன. செல்வியின் விசாவோ அந்த சீசனோடு முடிகிறது.

நான் இரண்டு நாள் யோசித்தேன். எனக்காகக்கூட யாரிடமும் எதுவும் கேட்காதவள் நான். கடைசியில் ஷென் சந்தைக்கு வருவதை நிறுத்தும் முன்பாகப் போய் அவள் சாக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டேன். மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க ஊரு பொண்ணா?"

"ஆமா. பக்கத்து ஊரு."

"நீ சொல்றியே, வரட்டும். நான் சொல்றத மட்டும் கேக்கணும்."

4

அவள் சொன்னதை எல்லாம் கேட்டோம். லின் ஒரு பட்டியலே அனுப்பினார். சென்ட் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. கொசுவர்த்தி ஏற்றிய வீட்டிலிருந்து வரக் கூடாது. முந்தின நாள் நான் வீட்டில் மீன் வறுக்கவில்லை, தாளிக்கக்கூட இல்லை. செல்வி தேங்காய் எண்ணெய் போகும்வரை தலையை மூன்று முறை அலசினாள். "என்ன பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் இவ்ளோ சுத்தமா இருந்ததில்லக்கா" என்றாள்.

ஒன்று மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று நம் வீட்டில் விருந்தாளிக்கு யாராவது எழுதி அனுப்புகிறோமா? எழுத வேண்டும் என்றே தோன்றாது. அந்த மாதிரி ஒன்று அது.

அன்று காலையில் லின்னின் காரில் செல்வியும் மாணவியும் நானும் போனோம். பேச்சு புரியாமல் போனால் உதவட்டும் என்று தாரணியையும் கூட்டிக்கொண்டேன். பள்ளி விடுமுறை. போகிற வழியில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மல்பெரித் தோட்டத்தில் இறங்கிப் பார்த்தோம். அங்கே ஒரு வீட்டில் புழுக்கள் எல்லாம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இறுகிச் செத்துப்போனதாகப் பேசிக்கொண்டார்கள். அது ஒட்டுநோய், காற்றிலும் காலடி மண்ணிலும் போகும் என்று லின் சொன்னார். அந்த வீட்டுப் பக்கம் நாங்கள் போகவில்லை.

ஷென் வீட்டை அடைந்ததும் லின் காரை நிறுத்த இடம் தேடிப் போனார். மாணவி பின் சீட்டிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் வாசலுக்குப் போனோம். புழு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து சத்தம் கேட்டது. பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குவது மாதிரி ஒரு சத்தம். தோல் உரிக்கத் தூங்கும் நாலாவது, கடைசித் தூக்கம் முடிந்து விழித்த புழுக்கள் இலை தின்கிற சத்தம்.

நிலைப்படிக்கு வெளியே, கதவின் அகலத்துக்கு, வெள்ளையாகப் பொடி பரப்பியிருந்தது. ஓரங்கள் நேராக, அழகாக இருந்தது. யாரோ வேலை மெனக்கெட்டு இழுத்துவிட்டது தெரிந்தது.

செல்வி அதைப் பார்த்தாள். சுடிதாரின் கால் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு துளிகூடக் கலையாமல் பெரிய எட்டாக எடுத்து வைத்துத் தாண்டினாள். பின்னால் நானும் அப்படியே தாண்டினேன். யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போனது. தாரணி மட்டும் எப்போதும்போல அதன் மேலேயே நடந்து வந்தாள். நான் திரும்பி அவளை முறைத்தேன்.

ஷென் உள்ளே இலைக் கொம்புகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் எங்கள் கால்களைப் பார்த்தாள். பிறகு சுண்ணாம்பைப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு ஆளின் காலடிதான் இருந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் புழுவுக்கு ஆகாது. இரண்டு கையையும் நீட்டி, கோழியைத் துரத்துவது மாதிரி எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், வரவில்லை.

அவள் முகம் வெளுத்துப்போனது. அந்த அறையில் தரை முழுக்கப் புழு. வருடத்தில் பெரிய பயிர் அதுதான். மகனின் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது போக, வீட்டுக்கு மேல்தளம் ஒழுகுவதைப் பூச அதைத்தான் நம்பியிருந்தாள். சுண்ணாம்புத் தட்டை எடுத்து நாங்கள் நின்ற இடம், நடந்த இடம் எல்லாம் கொட்டினாள். அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"உன்ன நம்பித்தானே கதவ தெறந்தேன். நீயுமா தாண்டுவே?"

கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சிவப்புக் காகிதத்தின் ஒரு மூலை பிய்ந்திருந்தது, உள்ளிருந்தே கையை விட்டு அழுத்தி ஒட்டினாள்.

5

நடந்ததை லின்னிடம் சொல்லிக் காரில் திரும்பினோம். பாதி வழியில் லின்தான் கேட்டார், எல்லோரும் மிதித்துப் போவதற்காகத்தானே சுண்ணாம்பு, காலில் இருக்கும் கிருமி சாக, ஏன் தாண்டினீர்கள் என்று. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். செல்வி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாரணிதான் அவருக்குச் சொன்னாள். அம்மாவின் ஊரில் காலையில் எழுந்ததும் வாசலில் வெள்ளை மாவால் படம் போடுவார்கள், அதை மிதித்தால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று அர்த்தம்.

லின் காரை ஓரமாக நிறுத்தினார். 

"அப்படியானால் அந்த நெசவாளர் வீட்டில்" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பட்டு இருக்கிற வீடு, வாசலில் வெள்ளைப் பொடி. அவர் அம்மா சின்ன வயதில் கற்றுக்கொடுத்தபடி, மரியாதையாக, இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

செல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக வைத்திருந்த மனத்தாங்கல் போகிற இடம் அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

அன்று சாப்பாட்டில் அவள் கை வைக்கவில்லை. "எங்கம்மா ஊர்ல நாலு வீட்டு வாசல் தெளிச்சவங்கக்கா" என்றாள். "போற எடத்துல எங்கயும் கோலத்த மிதிக்காத, எதயும் தொடாத, ஓரமா நில்லுன்னு சொல்லிச் சொல்லி வளத்தாங்க. மிதிச்சா இன்னா பேச்சு வாங்கணும்னு அவங்களுக்குத் தெரியும். இங்க மிதிக்கலன்னு ஒரு வீட்டையே அழிச்சிட்டேனே."

கூலிக்கு வந்தவர்களை அப்படி ஏசும் பேச்சு எங்கள் தெருவிலும் இருந்ததுதான்.  தட்டில் மோரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினேன்.

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. புழு மாதத்தில் மழை நல்லதில்லை, ஈரத்தில்தான் அந்த நோய் பரவும். லின் அனுப்பிய செய்திக்கு ஷென்னிடமிருந்து பதில் இல்லை. நான் தினமும் சந்தையின் கடைசி வரிசைக்குப் போய், காலியான இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் அங்கே இருக்க மாட்டாள் என்பது தெரியும். ஆனாலும் கால் அங்கேதான் போனது.

அந்த வாரத்தில்தான் ஊரில் கருட சேவை. தம்பி வீடியோ அனுப்பியிருந்தான். விடியற்காலை, காந்தி ரோடு, குடைகள், தலைகள். தெருவை அடைத்து வீட்டுக்கு வீடு பெரிய பெரிய கோலங்கள். பெருமாளைத் தோளில் தூக்கிவருகிறவர்கள் அந்தக் கோலங்களின் மேலேயே நடந்து வருகிறார்கள். தாரணி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க மட்டும் மிதிக்கலாமா?"

"சாமியோட வர்றாங்க இல்ல. அவங்க மிதிக்கணும்னுதான் போடறது."

"அப்போ மிதிக்கவும் போடுவாங்க" என்றாள். அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

மறுநாள் பள்ளி முடிந்து அவள் வீட்டுக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. இருட்டும் நேரத்தில் முழங்கால் வரை சேறோடு வந்து நின்றாள். சைக்கிளிலேயே ஷென்னின் கிராமத்துக்குப் போயிருக்கிறாள். கோபத்தில் கையை ஓங்கினேன், இறக்கிக்கொண்டேன்.

வாசலுக்கு வெளியே, மழையில், கேட் ஓரமாகவே நின்றிருக்கிறாள். ஷென் சன்னலைத் திறந்து என்ன என்று கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு ஏன் தாண்டினான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், எங்க ஊர்ல வாசல்ல வெள்ளையா போட்டிருந்தா அத மிதிக்க மாட்டோம், மிதிச்சா அந்த வீட்டுக்கு மரியாத இல்ல, அவங்க உங்களுக்கு மரியாத குடுத்தாங்கன்னு."

எங்க ஊர்ல என்று சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் தாரணி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. உங்க ஊர்ல என்றுதான் எப்போதும் சொல்வாள். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன்.

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"கேட்டுட்டு சன்னல சாத்திட்டாங்க." சேற்று ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஒரு மூலையில புழு வெள்ளையா ஆகியிருக்குதும்மா. ஒண்ணொண்ணா குச்சியால எடுத்து சுண்ணாம்புல போடறாங்க. சன்னல சாத்தறதுக்கு முன்னாடி பாத்தேன்."

செல்விக்கு நான் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், கடைசியில் சொன்னேன்.

மூன்றாம் நாள் செல்வி எங்கள் வீட்டில் இருக்கும்போது ஷென்னிடமிருந்து ஆள் வந்தது. அவள் மருமகளின் தம்பி, ஸ்கூட்டரில். புழுக்கள் கூடு கட்டத் தயாராகிவிட்டன, ஆள் போதவில்லை, அன்றே அத்தனையையும் அட்டைச் சட்டங்களில் ஏற்ற வேண்டும் என்றான். "ஒங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. மிதிச்சிட்டு வரணுமாம்."

மழை விட்டிருந்தது. தாரணியும் மாணவியும் எங்களோடு வந்தார்கள். வாசலில் சுண்ணாம்பு புதிதாகப் போட்டிருந்தது, முன்பைவிடக் கனமாக. ஷென் நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். செல்வி அதன் முன்னால் போய் நின்றாள். கால் எழவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் காலுக்கு முப்பது வருடப் பழக்கம். தாரணி பின்னாலிருந்து தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"மிதிங்கக்கா. அவங்க சொல்றாங்க இல்ல."

செல்வி ஒரு காலை வைத்தாள். அடுத்த காலை வைத்தாள். சுண்ணாம்பு கணுக்கால் வரை ஏறியது. அப்படியே நின்றாள், தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"போதும் போதும், என் சுண்ணாம்பெல்லாம் நீயே எடுத்துட்டு போயிடுவே போலிருக்குது" என்று சொல்லி ஷென் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அன்று முழுக்க வேலை. முற்றின புழு உடம்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கும் பட்டு தெரிவது போல இருக்கும். அவற்றைப் பொறுக்கி, சின்னச் சின்ன அறைகள் கொண்ட அட்டைச் சட்டங்களில் விட வேண்டும். செல்வி எழுத உட்காரவே இல்லை. மாணவி எழுதினாள், செல்வி பொறுக்கினாள். ஒரு மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது, அங்கே தரை வெள்ளையாக இருந்தது. செல்வியின் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போவதை ஷென் பார்த்தாள்.

"மழையும்தான் வந்துச்சி" என்றாள். "அது கால தொடச்சிட்டா வந்துச்சி?"

நான் அதைத் தமிழில் செல்விக்குச் சொன்னேன். அந்த மூலை எங்களால் போனதா, மழையால் போனதா என்று யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

6

கூடு எல்லாம் எடுத்து, விற்று, சிவப்புக் காகிதங்கள் கிழிபட்டன. தெருக்களில் மறுபடியும் சத்தம் வந்தது. மேல்தளத்தின் பாதியைத்தான் இந்த வருடம் பூச முடியும் என்று ஷென் சொன்னதாகத் தாரணி சொன்னாள். அவள் இப்போது வாரம் ஒருமுறை அங்கே போய்வருகிறாள். செல்வி ஊருக்குக் கிளம்பும்போது லின் அவளிடம் ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்த நெசவாளர் வீட்டம்மாவுக்குத் தேயிலை. நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன், அதுவரை இதைக் கொடுங்கள் என்றார். செல்வி விமானம் ஏறுமுன், "நீங்க வந்தீங்கன்னா சார், அவங்களே சொல்லுவாங்க, எங்க கால் வைக்கறதுன்னு" என்றாள். வெகுநாள் கழித்து இருவரும் சிரித்தார்கள்.

இந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. புழு மாதத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை அல்லவா, அது முடிந்ததும் உறவுக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், பயிர் எப்படி என்று விசாரிப்பார்கள். நாங்கள் யாருக்கும் உறவில்லை. அதனால் பன்னிரண்டு வருடத்தில் அப்படி யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஷென்கூட வந்ததில்லை. சந்தையில் பார்ப்போம், அவள் வீட்டுக்கு நான் போவேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தே வைத்திருந்தேன், அப்போதுதான் கோலம் போட்டு முடித்திருந்தேன். ஷென் நின்றிருந்தாள். நல்ல சட்டை போட்டு, தலை வாரியிருந்தாள். கையில் ஒரு கூடை, அதில் கூடு மாதிரி உருட்டி அவித்த அரிசி மாவு உருண்டைகள்.

அவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தாள். வாசலில் வெள்ளைப் பொடி.

தாரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

ஷென் கூடையை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கோலத்தின் நடுவில் வலது காலை வைத்தாள். இடது காலை வைத்தாள். விருந்துக்கு வந்த வீட்டின் கண்ணியத்தைக் காப்பாற்றுகிறவள் முகத்தோடு, இரண்டையும் நன்றாகத் தேய்த்தாள். பிறகு நிமிர்ந்து, சரியாகச் செய்தேனா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"வாங்க" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவள் நேரே சமையலறை வரை போனாள். வாசலிலிருந்து அடுப்பு வரை, கறுப்புத் தரையில், கிருஷ்ண ஜெயந்திக்கு நாங்கள் மாவில் பதிக்கிற பாதங்கள் மாதிரி, ஆனால் கொஞ்சம் பெரிதாக, அகலமாக, உள்ளே வருகிற காலடிகள்.

அன்று முழுவதும் அதை நான் துடைக்கவில்லை. சாயங்காலம் சைக்கிள் எடுக்கப் போன தாரணி, அந்தத் தடங்களை ஓரமாகத் தாண்டித் தாண்டிப் போனாள்.